சோடாக் கடை வருமானத்தில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி: டாக்டர் ரஃபியுத்தீன் அஹ்மத்

இராஜபாளையத்தை அடுத்துள்ள செட்டியார்பட்டியும் அதன் பக்கத்து ஊரான தளவாய்புரமும் நைட்டி தையலுக்குப் பெயர் பெற்றவை. பல வீடுகளில் தையல் எந்திரம் காலையிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும். எத்தனை உருப்படி தைத்தோமோ அத்தனைக்குத்தான் கூலி. தாய் எழுந்து போனால் கூலியும் எழுந்து போய்விடும். பக்கத்தில் இரண்டு வயதுப் பிள்ளை அழுகிறது. கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது பெட்டிக் கடையில் வாங்கிய பிஸ்கட் பாக்கெட். இல்லையென்றால் சீனி கரைத்த பால் நிறைந்த புட்டி. பிள்ளை அடங்குகிறது, வேலை நடக்கிறது. இரவிலும் அதே புட்டி வாயில் இருக்க, பிள்ளை தூங்கிப் போகிறது.

மூன்று வயதாகும்போது அந்தப் பிள்ளையின் மேல் வரிசை முன் பற்கள் பழுப்பாகி, கறுத்து, கரைந்து, ஈறோடு ஈறாக நிற்கின்றன. பூச்சி விழுந்துவிட்டது என்கிறோம். பால் பல்தானே, எப்படியும் விழப் போகிறது என்று விட்டுவிடுகிறோம். ஓர் இரவில் பிள்ளை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழும்போதுதான் ஆட்டோவைத் தேடுகிறோம்.

இந்தத் தாயைக் குறை சொல்ல நாம் இதை எழுதவில்லை. செட்டியார்பட்டியிலும் காயல்பட்டினத்திலும் கடையநல்லூரிலும் சென்னையின் குடிசைப் பகுதிகளிலும் இதே நிலைதான். 2002-03இல் நடந்த தேசிய வாய்நல ஆய்வு, நம் நாட்டில் 5 வயதுக் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சொத்தைப் பல் இருப்பதாகக் கண்டது. உலக அளவில் 51 கோடிக்கும் அதிகமான குழந்தைகள் பால் பல் சொத்தையால் அவதிப்படுவதாக உலக சுகாதார நிறுவனம் 2022இல் அறிவித்தது. பணம் குறைந்த வீடுகளில்தான் இது அதிகம். அங்கே இனிப்பு எளிதில் கிடைக்கிறது, மருத்துவர் எளிதில் கிடைப்பதில்லை.

ஏழைப் பிள்ளையின் பல்லைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொண்ட ஒரு மருத்துவமனையில் தம் இளமையைக் கழித்து, அங்கே கற்றதைத் தாயகத்துக்குக் கொண்டுவந்த ஒரு முஸ்லிம் இருந்தார். இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை நிறுவியவர் அவர்தான். பல் மருத்துவம் படிக்கும் மாணவர்களுக்கு அவர் பெயர் தெரியும். நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்தான் டாக்டர் ரஃபியுத்தீன் அஹ்மத்.

கிழக்கு வங்கத்திலிருந்து அமெரிக்காவுக்கு

ரஃபியுத்தீன் அஹ்மத் 1890ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் கிழக்கு வங்கத்தில் பிறந்தார். இன்று அது பங்களாதேஷ். மார்க்கக் கல்வியும் நவீனக் கல்வியும் இரண்டும் வேண்டும் என்று முஸ்லிம் குடும்பங்கள் யோசிக்கத் தொடங்கியிருந்த காலம் அது. சர் சையத் அஹ்மத் கான் 1875இல் தொடங்கிய அலிகர் கல்விக்கூடம் அந்த யோசனைக்கு ஒரு முகவரியாக இருந்தது. ரஃபியுத்தீன் அங்கே சென்று படித்து 1908இல் பட்டம் பெற்றார். அலிகர் அப்போது பல்கலைக்கழகம் ஆகியிருக்கவில்லை. அதற்கு இன்னும் 12 ஆண்டுகள் இருந்தன.

அலிகரில் படித்து வெளியே வந்த இளைஞர்கள் பெரும்பாலும் வக்கீலாகவோ அரசு அதிகாரியாகவோ ஆக விரும்பினர். மேற்படிப்பு என்றால் இலண்டன் என்பதே வழக்கம். ரஃபியுத்தீன் 1909இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அவர் தேர்ந்தெடுத்த படிப்பு பல் மருத்துவம்.

அன்றைய இந்தியாவில் அப்படி ஒரு படிப்பே கிடையாது. பல் வலி வந்தால் கிராமத்தில் நாட்டு வைத்தியரும் நாவிதரும்தான் கதி. பெரிய நகரங்களில் தெருவோரத்தில் விரிப்பு விரித்து, பிடுங்கிய பற்களைக் குவித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் இருந்தனர். வெளிநாட்டில் படித்த பல் மருத்துவர்கள் சிலர் கல்கத்தா, பம்பாய், மதராஸ் நகரங்களில் இருந்தாலும் அவர்களிடம் போகக்கூடியவர்கள் வெள்ளைக்கார அதிகாரிகளும் செல்வந்தர்களும் மட்டுமே. பல்லைப் பிடுங்குவது ஒரு கைவேலை, அதற்கு எதற்குக் கல்லூரி என்பதே பொதுவான எண்ணம்.

அமெரிக்காவின் நடுப்பகுதியில் உள்ள அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் பயின்று, 1915இல் டாக்டர் பட்டம் பெற்றார் ரஃபியுத்தீன். அடுத்து அவர் போய்ச் சேர்ந்த இடம்தான் நமக்கு முக்கியம்.

ஐந்து சென்ட் மருத்துவமனை

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஃபோர்சைத் என்ற குடும்பத்துச் சகோதரர்கள் ரப்பர் தொழிலில் பெரும் பொருள் ஈட்டியிருந்தனர். இறந்துபோன தங்கள் சகோதரர்களின் நினைவாக, அந்தப் பொருளைக் கொண்டு குழந்தைகளுக்கென்றே ஒரு பல் மருத்துவமனையை அமைத்தனர். 1910இல் நிறுவப்பட்டு 1914இல் கதவு திறந்த அந்த மருத்துவமனை, பாஸ்டனின் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கானது. ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்து குடியேறிய தொழிலாளர் குடும்பங்கள் அந்நகரில் நிறைந்திருந்தன. 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஒரு முறை வந்து சிகிச்சை பெற ஐந்து சென்ட் கொடுத்தால் போதும். நீண்ட கூடத்தில் வரிசை வரிசையாகப் பல் மருத்துவ நாற்காலிகள் போடப்பட்டிருந்தன. பயந்து அழுகிற பிள்ளைகளின் மனம் இலகுவாக வேண்டும் என்று காத்திருக்கும் இடத்தையும் அவர்களுக்காகவே அழகுபடுத்தியிருந்தார்கள்.

அங்கே வேலை செய்த மருத்துவர்கள் வலி வந்த பல்லைப் பிடுங்கி அனுப்புவதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. சொத்தையை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து அடைப்பது, பற்களைச் சுத்தம் செய்வது, பிள்ளைக்குப் பல் துலக்கக் கற்றுக்கொடுப்பது எல்லாம் அங்கே மருத்துவமாகவே மதிக்கப்பட்டன. பற்களைச் சுத்தம் செய்து நோய் வராமல் பார்த்துக்கொள்ளும் பணிக்கென்றே அங்கு இளம்பெண்களுக்குப் பயிற்சி அளிக்கும் பள்ளியும் தொடங்கியது.

ரஃபியுத்தீன் அஹ்மத் 1918 வரை இந்த மருத்துவமனையில் பணியாற்றினார். படித்து முடித்த ஒரு மருத்துவரின் கை பழகுகிற ஆண்டுகள் அவை. அந்த ஆண்டுகளில் அவர் முன்னால் வந்து வாயைத் திறந்தவர்கள் ஏழைத் தொழிலாளர்களின் பிள்ளைகள். ஏழைப் பிள்ளையின் பல்லுக்கும் பட்டம் பெற்ற மருத்துவர், சுத்தமான கருவி, ஒழுங்கான இடம் எல்லாம் தேவை என்பதை ஒரு நகரம் ஏற்றுக்கொண்டு நடைமுறைப்படுத்துவதை அவர் நேரில் கண்டார். அமெரிக்காவிலேயே தங்கிச் சம்பாதித்திருக்கலாம். முதல் உலகப் போர் முடிந்ததும், 1919இல் கல்கத்தா திரும்பினார்.

சோடாவும் ஐஸ்கிரீமும் கட்டிய கல்லூரி

தாயகம் திரும்பிய ரஃபியுத்தீனுக்கு ஒரு வழி எளிதாக இருந்தது. அமெரிக்கப் பட்டம் பெற்ற பல் மருத்துவர் என்ற பலகையைத் தொங்கவிட்டு, கல்கத்தாவின் செல்வந்தர்களுக்கு மட்டும் வைத்தியம் பார்த்தாலே போதும். ஆனால் ஒரு மருத்துவர் எத்தனை பேருக்குப் பார்க்க முடியும்? மருத்துவர்களை உருவாக்கும் இடம் வேண்டும் என்று அவர் முடிவு செய்தார்.

அதற்கு அரசு பணம் தரவில்லை. ஃபோர்சைத் குடும்பம் போன்ற கொடையாளர்களும் இங்கே வரிசையில் நிற்கவில்லை. அவர் ஒரு கடை திறந்தார். நியூயார்க் சோடா ஃபவுண்டன் என்பது அதன் பெயர். அமெரிக்காவில் அப்போது பிரபலமாக இருந்த மாதிரியில் சோடாவும் ஐஸ்கிரீமும் விற்கும் கடை. கல்கத்தாவின் வெயிலில் அதற்கு வியாபாரம் இருந்தது. அந்த வருமானத்தைக் கொண்டு 1920இல் கல்கத்தா பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி அதுதான்.

இனிப்பு விற்ற காசில் பல் மருத்துவக் கல்லூரியா என்று நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் அதில் இருக்கும் துணிவைக் கவனிக்க வேண்டும். படித்த டாக்டர், அதுவும் அமெரிக்கா சென்று வந்தவர், கடை நடத்துவதைக் கௌரவக் குறைவாக அவர் எண்ணவில்லை. நம் சமுதாயம் வியாபாரச் சமுதாயம். ஒரு கடையின் இலாபம் எங்கே போய்ச் சேரலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

தொடக்க ஆண்டுகளில் மாணவர்கள் மிகச் சிலரே. பல் பிடுங்கும் வேலைக்குப் பிள்ளையை அனுப்பப் பெற்றோர் தயங்கினார்கள். அரசின் அங்கீகாரமும் பல்கலைக்கழகத்தின் இணைப்பும் அப்போது இல்லை. ஆனாலும் அவர் கடையைக் கட்டவில்லை. இரண்டு கடைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். குறுகிய காலப் பயிற்சியாகத் தொடங்கிய படிப்பைப் படிப்படியாக நீட்டி, நான்கு ஆண்டுப் படிப்பாக வளர்த்தார். கல்லூரியோடு சேர்ந்த மருத்துவமனையில் சாதாரண மக்களும் வந்து சிகிச்சை பெற்றனர்.

பெண்களுக்கும் கதவு திறந்தது

அந்தக் கல்லூரியின் ஆரம்பகால மாணவிகளில் ஒருவர் பின்னாளில் உலகறிந்தவரானார். முஹம்மது அலி ஜின்னாவின் தங்கை ஃபாத்திமா ஜின்னாதான் அவர். ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பெண் வீட்டை விட்டு வெகுதூரம் சென்று, விடுதியில் தங்கித் தொழிற்கல்வி படிப்பது அன்று மிக அபூர்வம். அவர் கல்கத்தாவில் படிப்பை முடித்து, 1923இல் பம்பாயில் தம் சொந்தப் பல் மருத்துவமனையைத் திறந்தார். அதோடு தோபி தலாவ் பகுதியில் இருந்த நகராட்சி மருத்துவமனையிலும் தன்னார்வமாகப் பணி செய்தார். அவரது அரசியல் வாழ்வு தனிக் கதை. அதற்கு முன்னால், ஏழைகள் வரும் ஒரு நகராட்சி மருத்துவமனையில் பல் மருத்துவராக நின்றவர் அவர் என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

இன்று நம் ஊர்ப் பல் மருத்துவக் கல்லூரிகளில் முக்காடிட்ட மாணவிகளைப் பெருமளவில் பார்க்கிறோம். அந்தப் பாதையின் முதல் அடிகள் நூறு ஆண்டுகளுக்கு முன் வைக்கப்பட்டவை.

நூலும் பத்திரிகையும் சட்டமும்

கல்லூரி மட்டும் இருந்தால் போதாது என்பது ரஃபியுத்தீனுக்குத் தெரிந்திருந்தது. 1925இல் வங்காளப் பல் மருத்துவச் சங்கத்தை உருவாக்கினார். பின்னர் அகில இந்திய அளவில் எழுந்த பல் மருத்துவச் சங்கத்துக்கு அதுவே முன்னோடி. அதே 1925இல் பல் மருத்துவத்துக்கென ஓர் ஆங்கில இதழைத் தொடங்கி, 1946 வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தாமே ஆசிரியராக இருந்து நடத்தினார். 1928இல் மாணவர்களுக்காகப் பற்சிகிச்சை பற்றிய ஒரு கைநூலை எழுதி வெளியிட்டார். வெளிநாட்டு நூல்களின் விலை இந்திய மாணவர்களுக்கு எட்டாத காலம் அது.

இவற்றையெல்லாம் தாண்டி இன்னொரு சிக்கல் இருந்தது. யார் வேண்டுமானாலும் பல் வைத்தியர் என்று பலகை மாட்டிக்கொள்ளலாம். படிக்காதவர் கையில் அகப்பட்ட ஏழை நோயாளிக்குத் தாடை வீங்கினாலும் கேட்க ஆளில்லை. பணக்காரர் நல்ல மருத்துவரைத் தேடிப் போய்விடுவார். சட்டத்தின் பாதுகாப்பு ஏழைக்குத்தான் தேவை. இதற்காக ரஃபியுத்தீன் தொடர்ந்து முயன்றார். அதன் பயனாக 1939இல் வங்காளப் பல் மருத்துவர் சட்டம் வந்தது. நாடு விடுதலை பெற்ற பின் 1948இல் இந்தியா முழுமைக்குமான பல் மருத்துவர் சட்டம் நிறைவேறியது. 1949இல் இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் அமைந்தது. இன்று ஒரு பல் மருத்துவரின் அறைச் சுவரில் பதிவு எண்ணைப் பார்க்கிறோமே, அந்த எண்ணுக்குப் பின்னால் இந்த நீண்ட உழைப்பு இருக்கிறது.

இதனிடையே அவர் நகரப் பொதுவாழ்விலும் இறங்கினார். 1930களில் கல்கத்தா மாநகராட்சியின் உறுப்பினராகவும், 1940களின் தொடக்கத்தில் அதன் ஆல்டர்மேனாகவும் இருந்தார். தண்ணீர், சாக்கடை, சேரிப் பகுதிகளின் சுகாதாரம் எல்லாம் மாநகராட்சியின் பொறுப்பில் இருந்தவை. நோயாளியின் வாயைப் பார்த்துப் பழகியவர், நோயாளி வாழும் தெருவையும் கவனிக்கும் இடத்துக்கு வந்தார்.

கட்டியதைக் கொடுத்துவிட்டார்

1947இல் வங்காளம் இரண்டாகப் பிரிந்தது. ரஃபியுத்தீன் பிறந்த மண் கிழக்குப் பாகிஸ்தான் ஆனது. அவர் வாழ்ந்து உழைத்த கல்கத்தா இந்தியாவில் இருந்தது. குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்து, இலட்சக்கணக்கானோர் எல்லையின் இருபுறமும் அகதிகளாக நடந்த காலம். கல்கத்தாவின் தெருக்கள் இரத்தத்தைப் பார்த்திருந்தன. ரஃபியுத்தீன் கல்கத்தாவிலேயே இருந்தார்.

1949இல் அவர் ஒரு காரியம் செய்தார். சோடாக் கடை வருமானத்தில் தொடங்கி, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தம் உழைப்பைக் கொட்டி வளர்த்த கல்லூரியை மேற்கு வங்க அரசுக்குக் கொடையாகக் கொடுத்தார். அதே காலத்தில் அது கல்கத்தா பல்கலைக்கழகத்தோடும் இணைந்தது. தாம் கட்டிய கல்லூரியைத் தம் பிள்ளைகளின் சொத்தாக ஆக்கிக்கொள்ள எல்லா வாய்ப்பும் இருந்தவர் அவர். அரசின் கையில் இருந்தால்தான் கட்டணம் கட்ட முடியாத மாணவரும் படிக்கலாம், கட்டணம் கொடுக்க முடியாத நோயாளியும் வரலாம். ஸதக்கத்துல் ஜாரியா என்று நாம் சொல்லும் நிலையான தர்மத்துக்கு இதைவிடத் தெளிவான பொருள் என்ன இருக்க முடியும்?

மறு ஆண்டு, 1950இல், மேற்கு வங்க முதலமைச்சர் டாக்டர் பி.சி. ராய் அவரைத் தம் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். பி.சி. ராயும் மருத்துவர்தான். வேளாண்மை, சமுதாய வளர்ச்சி, கூட்டுறவு, நிவாரணம், மறுவாழ்வு போன்ற துறைகளில் ரஃபியுத்தீன் 1962 வரை பணியாற்றினார். கிழக்கு வங்கத்திலிருந்து வீடிழந்து வந்தவர்கள் நிறைந்திருந்த மாநிலத்தில், கிழக்கு வங்கத்தில் பிறந்த ஒரு முஸ்லிம் அமைச்சராக இருந்து நிவாரணம், மறுவாழ்வுப் பொறுப்புகளைச் சுமந்தார். சாதாரணக் காலமாக இருந்தாலே அது எளிய வேலை இல்லை.

1964இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 1965இல் அவர் இறைவனடி சேர்ந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அவர் நிறுவிய கல்லூரி இன்று டாக்டர் ஆர். அஹ்மத் பல் மருத்துவக் கல்லூரி என்ற பெயரில் கொல்கத்தாவில் இயங்குகிறது. அவர் பிறந்த டிசம்பர் 24ஆம் நாளைப் பல் மருத்துவர்கள் தேசியப் பல் மருத்துவர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

மருத்துவர் இருக்கிறார், பிள்ளை எங்கே?

தமிழகத்தில் அரசுப் பல் மருத்துவக் கல்வி 1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கியது. ஒரு கல்லூரிக்காக ஒருவர் சோடா விற்க வேண்டியிருந்த நாட்டில் இன்று முந்நூறுக்கும் அதிகமான பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பல் மருத்துவர் பட்டம் பெற்ற இளைஞர்கள் வேலை தேடி அலைவதையும் பார்க்கிறோம். இருந்தும் செட்டியார்பட்டிப் பிள்ளையின் பல் கறுத்துத்தான் போகிறது. மருத்துவர்கள் பெருநகரங்களில் குவிந்திருக்கிறார்கள். பிள்ளைகள் சிற்றூர்களில் இருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் நம்முடைய அறியாமையும் ஒரு சுவராக நிற்கிறது. அந்தச் சுவரை இடிப்பது நம் கையில்தான் உள்ளது.

பால் பல் விழுந்துவிடும் என்பது உண்மை. எப்போது விழும் என்பதைத்தான் நாம் யோசிப்பதில்லை. முன் பற்கள் 6, 7 வயதில் விழும். கடைவாய்ப் பால் பற்கள் 10 முதல் 12 வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. மூன்று வயதில் சொத்தையானால் ஏழெட்டு ஆண்டுகள் அந்தப் பிள்ளை எதை வைத்து மெல்லும்? வலிக்கிற பிள்ளை சரியாகச் சாப்பிடாது, தூங்காது, எடை கூடாது, பள்ளியில் கவனம் நிற்காது. சீழ் பிடித்தால் கீழே வளர்ந்துகொண்டிருக்கும் நிலைப் பல்லையும் அது கெடுக்கும். பால் பல்லைச் சீக்கிரம் பிடுங்கிவிட்டால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்துக்குச் சாய்ந்து, பின்னால் வரும் பல் கோணலாக முளைக்கும். இன்னொன்று: 6 வயதில் கடைசியாக ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கிறது. எந்தப் பல்லும் விழாமலே முளைப்பதால் அதையும் பால் பல் என்று நினைத்துவிடுகிறோம். அது வாழ்நாள் முழுவதற்குமான பல்.

பல்லில் உண்மையில் பூச்சி எதுவும் விழுவதில்லை. வாயில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் சீனியைத் தின்று அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலம் பல்லின் மேல் ஓட்டைக் கரைக்கிறது. எச்சில் அந்த அமிலத்தை மெல்ல மெல்ல அடக்கி, பல்லைப் பழுதுபார்க்கிறது. அதற்கு அவகாசம் வேண்டும். நாள் முழுக்க பிஸ்கட்டும் மிட்டாயும் வாயில் இருந்தால் அவகாசம் இல்லை. தூங்கும்போது எச்சில் குறைந்துவிடும். எனவே தூக்கத்தில் வாயில் இருக்கும் பால் புட்டிதான் பெரிய எதிரி. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைப் பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. மதியச் சாப்பாட்டோடு ஒரு வாய் கொடுத்துத் தண்ணீர் குடிக்க வைத்தால் ஏற்படும் கேடு குறைவு. அதே இனிப்பைச் சிறிது சிறிதாக மாலை முழுக்கக் கொடுத்து, இரவில் அப்படியே தூங்க வைத்தால் கேடு அதிகம்.

ஃபோர்சைத் மருத்துவமனையில் அன்று கற்றுக்கொடுத்த பாடத்தை, இன்றைய மருத்துவ அறிவோடு சேர்த்து, நம் வீட்டில் இப்படிச் செய்யலாம்:

- முதல் பல் முளைத்த நாளிலிருந்து துலக்க வேண்டும். 3 வயதுக்குள் ஓர் அரிசி அளவு, 3 முதல் 6 வயது வரை ஒரு பட்டாணி அளவு ஃபுளோரைடு உள்ள பற்பசை போதும்.
- இரவு துலக்கிய பிறகு தண்ணீர் தவிர வேறெதுவும் கொடுக்கக் கூடாது. புட்டிப் பால் என்றால் தூங்குவதற்கு முன்பே கொடுத்து முடித்துவிட வேண்டும்.
- 7 வயது வரை பிள்ளையிடம் பிரஷ்ஷை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கக் கூடாது. அத்தாவோ அம்மாவோ, யாராவது ஒருவர் துலக்கிவிட வேண்டும்.
- மாதம் ஒரு முறை மேல் உதட்டைத் தூக்கி முன் பற்களைப் பாருங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடு போல வெள்ளை தெரிந்தால் அதுதான் தொடக்கம். அப்போதே காட்டினால் பல்லைக் குடையாமலே காப்பாற்ற வழி உண்டு.
- அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் சிறார் நலத் திட்ட மருத்துவக் குழு பல்லையும் பார்க்க வேண்டும். 2013இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பல் நோயும் அடங்கும். குழு வரும் நாளில் பிள்ளையைக் கட்டாயம் அனுப்புங்கள். பல்லையும் பாருங்கள் என்று கேட்டு வாங்குங்கள்.

மிஸ்வாக்கின் சிறப்பை மக்தபில் ஓதும் சின்னப் பிள்ளைகூட அறியும். ஒவ்வொரு தொழுகைக்கும் முன் பல் துலக்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எவ்வளவு விரும்பினார்கள் என்பதை நாம் பயான்களில் கேட்டு வளர்ந்தோம். அந்த சுன்னத்தைப் பெரியவர்களோடு நிறுத்திக்கொள்ளாமல், குச்சியைப் பிடிக்கத் தெரியாத குழந்தையின் வாய் வரை பிரஷ் மூலமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் கடமை.

மஹல்லா ஜமாஅத்துகளுக்கும் ஒரு வேண்டுகோள். நம் சமுதாயத்தில் இன்று பல் மருத்துவர்கள் நிறையவே இருக்கிறார்கள். ஆண்டுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவர்களை மக்தபுக்கு அழைத்தால், ஒரு முற்பகலில் ஊரின் எல்லாக் குழந்தைகளின் பல்லையும் பார்த்துவிடலாம். ஊரில் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளுக்கும் அந்தக் கதவு திறந்திருக்கட்டும். ரஃபியுத்தீன் அஹ்மதின் மருத்துவமனையும் எல்லோருக்குமாகத்தான் திறந்திருந்தது. பைத்துல்மால் நிதியில் ஒரு சிறு பங்கு, சிகிச்சைக்குப் போய்வரும் பேருந்துச் செலவுக்கும் ஒரு நாள் கூலி இழப்புக்கும் உதவினால், தையல் எந்திரத்தை விட்டு எழ முடியாத அந்தத் தாயும் எழுந்து வருவார்.

பல் மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகளிடமும் ஒன்று கேட்கிறோம். பட்டம் பெற்றதும் முதல் ஓரிரு ஆண்டுகளை ஏழைப் பிள்ளைகள் வரும் ஒரு மருத்துவமனையில் கழியுங்கள். ரஃபியுத்தீன் அஹ்மத் அப்படித்தான் தொடங்கினார். பிறகு உங்கள் ஊருக்குத் திரும்பி வாருங்கள். அவரும் திரும்பித்தான் வந்தார்.

ஒரு கடை, ஒரு கல்லூரி, ஓர் இதழ், ஒரு சட்டம், கடைசியில் அனைத்தையும் மக்களுக்கே விட்டுக்கொடுத்த ஒரு கொடை. இவ்வளவையும் ஒரு வாழ்நாளில் செய்து முடித்தவர் அவர். நாம் செய்ய வேண்டியது அவ்வளவு பெரிதில்லை. இன்றிரவு பிள்ளை தூங்கும் முன் புட்டியை எடுத்துவிட்டு, அதன் பல்லைத் துலக்கிவிடுவோம். அங்கிருந்து தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.

டாக்டர் ரஃபியுத்தீன் அஹ்மத் அவர்களின் நற்பணிகளை அல்லாஹ் ஏற்றுக்கொண்டு, அன்னாரின் மண்ணறையை ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.